ஓட்டு இல்லேன்னாலும் மைக் முன்னாடி உக்காரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸ்னா நம்ம பேப்பர்ல விசா, புயல், துப்பாக்கிச்சூடு இதான் வருது. இங்க பிள்ளைங்க ஸ்கூலுக்கு பணம் ஒதுக்குற சட்டம் எப்படி வருதுன்னு யாரும் எழுதல, அதான் எழுதுறேன். நான் ஆஸ்டின் பக்கம் இருக்கேன், பையன் அரசுப் பள்ளியில மூணாங்கிளாஸ்.

2025 மார்ச்ல சட்டசபை கல்விக் கமிட்டி பொதுமக்கள் கருத்து கேட்டாங்க. பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு அரசாங்கப் பணத்த குடுக்குற வவுச்சர் மசோதா. நான் போறேன்னதும் வீட்டுக்காரர் "விசால இருக்கோம், நமக்கு ஓட்டே இல்ல, எதுக்கு வம்பு"ன்னார். ஆனா அங்க பேர் பதியுற மெஷின்ல பேரு, ஊரு, ஆதரவா எதிர்ப்பா இதுதான் கேட்டுச்சு, சிட்டிசனான்னு கேக்கவே இல்ல.

காலைல பதிஞ்சேன், என் பேர கூப்பிடறப்போ ராத்திரி பதினொண்ணு. எனக்கு முன்னாடி ஒரு ரிடையர்டு டீச்சரம்மா, அஞ்சு மணி நேரம் தனியா கார் ஓட்டி வந்தவங்க, ரெண்டு நிமிஷம் பேசிட்டு கைப்பைய எடுத்துக்கிட்டு மறுபடி கார் ஓட்ட கிளம்பிட்டாங்க, அத பாத்துட்டு எனக்கு தொண்டை அடைச்சிருச்சு.

எனக்கும் ரெண்டு நிமிஷம்தான். இங்க ஸ்கூலுக்கு பணம் வர்றது எத்தன பிள்ளைங்க சேந்திருக்காங்கன்னு பாத்து இல்ல, தினம் சராசரியா எத்தன பேர் வர்றாங்கன்னு பாத்து. என் பையன் காய்ச்சல்னு ஒரு வாரம் வீட்ல படுத்தா ஸ்கூல் வருமானம் குறையும், டீச்சர் சம்பளமும் கரண்ட் பில்லும் குறையுமா? ஒரு பிள்ளைக்கு அடிப்படைத் தொகை 6,160 டாலர்னு 2019ல வெச்சாங்க, அன்னிலேர்ந்து அப்போ வரைக்கும் ஒரு காசு ஏத்தல, விலைவாசி எங்கயோ போயிருச்சு. எங்க ஸ்கூல் லைப்ரரியன் இப்ப ரெண்டு ஸ்கூலுக்கு ஒருத்தர், லைப்ரரி செவ்வாய் வியாழன் மட்டும், பையன் டைனோசர் புக்க திருப்பிக் குடுக்க நாலு நாளா பையில தூக்கிட்டு அலைஞ்சான். அதத்தான் சொன்னேன். வவுச்சர் வாங்குற பிரைவேட் ஸ்கூல் எந்தப் பிள்ளைய சேக்கணும்னு அவங்களே முடிவு பண்ணலாம், எங்க ஸ்கூல் வாசலுக்கு வர்ற பிள்ளைய திருப்பி அனுப்பாதுன்னும் சொன்னேன், அதுக்குள்ள டைம் முடிஞ்சிருச்சு.

கடைசில வவுச்சர் பாஸாச்சு. மே 3 அன்னிக்கு கவர்னர் கிரெக் அபாட் கையெழுத்து போட்டார், 100 கோடி டாலர், பிரைவேட்ல படிக்கிற ஒரு பிள்ளைக்கு சுமார் 10,000 டாலர். அரசுப் பள்ளிங்களுக்கு தனியா சுமார் 850 கோடி டாலர் சட்டம் வந்துச்சு, டீச்சருங்க சம்பளம் ஏறுச்சு, அது ரொம்ப நல்ல விஷயம், ஆனா அந்த அடிப்படைத் தொகை ஏறுனது வெறும் 55 டாலர். வருகைக் கணக்கு அப்படியே இருக்கு.

ஸ்கூல் ரேட்டிங் பாத்து பாத்து வீடு வாங்கி, வருஷா வருஷம் பிராபர்ட்டி டாக்ஸ் கட்டுறோம், பொங்கல் விழான்னா மண்டபம் கொள்ளாம கூடுறோம். ஆனா அந்த கமிட்டி ஹால்ல நான் பாத்தவரை தமிழ் பேசுற ஆள் நான் ஒருத்திதான்.

சட்டசபையோட அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரில. கமிட்டி கூடுற தேதி தெரிஞ்சா நம்ம பேப்பர்ல தயவுசெஞ்சு போடுங்க. நேர்ல வர முடியாதவங்க டெக்சாஸ் பிரதிநிதிகள் சபை வெப்சைட்ல கருத்து எழுதி அனுப்பலாம். வர்றவங்க ராத்திரி சாப்பாட்டையும் கட்டிட்டு வாங்க, பேசுறத வீட்ல ஃபோன் டைமர் வெச்சு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டு வாங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா, ஆஸ்டின் அருகே, டெக்சாஸ்