அப்பாவின் எக்ஸ்ரே நிழலுக்கு விடை சொன்னவர்களுக்கு நன்றி

கிருஷ்ணகிரியில் எங்களுக்குத் துணை நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில், அப்பாவின் வலது நுரையீரல் மேல்பக்கத்தில் சுண்டைக்காய் அளவுக்கு வெள்ளையாக ஒரு நிழல் தெரிந்தது. "கட்டியா இருக்கலாம்" என்று யாரோ சொன்னதோடு சரி, வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் அண்ணனுக்கு முதல் நன்றி. உடம்பின் முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் படத்தில் விழும், தோலில் இருக்கும் மருகூட நுரையீரலுக்குள் இருப்பதுபோலத் தெரியும் என்றார். சட்டையைக் கழற்றி, தோளை முன்னே தள்ளி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி மறுபடி எடுத்தார். நிழல் அங்கேயேதான் இருந்தது.

ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! அப்பா பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் வேலை பார்த்தவர் என்றதும் படத்தை உற்றுப் பார்த்தார். கல் தூசியால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகச் சிதறியிருக்கும், இது ஒத்தையாக இருக்கிறது என்றார். அப்புறம் கேட்டார்: "பழைய படம் ஏதாவது இருக்கா?" அதுவரை எங்களை யாரும் அதைக் கேட்கவில்லை.

2019-ல் அப்பா வழுக்கி விழுந்து விலாவில் அடிபட்டபோது எடுத்த படத்தை, காவேரிப்பட்டணத்து அத்தை டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் மடங்காமல் வைத்திருந்தார். அத்தை, நீங்கள் நல்லா இருக்கணும். மச்சான் அன்றைக்கே பைக்கில் கொண்டு வந்து சேர்த்தார்.

வெளிச்சப் பெட்டியில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். அதே இடம், அதே அளவு. இப்படிப்பட்ட புள்ளி இரண்டு வருஷத்துக்கு மேல் வளராமல் இருந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லையாம். இருந்தாலும் அதோடு விடவில்லை. சி.டி. எடுத்தார்கள். அந்த ஸ்கேனில் ஒவ்வொரு இடமும் எவ்வளவு கெட்டி என்பதை எண்ணாகக் காட்டுவார்கள்; காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0 என்று கணக்கு. அப்பாவின் புள்ளி முழுக்கச் சுண்ணாம்பு ஏறி, பல நூறு காட்டியது. சளி டெஸ்ட்டிலும் கிருமி இல்லை. சின்ன வயசில் வந்த டி.பி. ஆறிப்போன தழும்பு அது.

சி.டி.க்குக் கேட்டவுடன் பணம் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், ஆபரேஷன் முடியும்வரை அப்பாவோடு இருந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி எல்லாப் படங்களையும் ஒரே கவரில் தேதி எழுதி வைத்துவிட்டோம்.