டிக்கெட்டை அச்சடித்துத் தராதீர்கள்

மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டுப் பேருந்து ஓட்டும் விளையாட்டு உங்கள் வகுப்பிலும் நடக்கும். அதற்கென்று வண்ண டிக்கெட்டுகளை அச்சடித்து, வெட்டி, கட்டாகக் கட்டியும் வைத்திருப்பீர்கள். அந்தக் கட்டை எடுத்துவிட்டு வெறுந்தாள் வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். அச்சிட்ட டிக்கெட்டில் குழந்தை எழுத எதுவும் மிச்சமில்லை. கிழித்துக் கொடுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது.

ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத் துண்டு வரும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 செ.மீ.க்கு 7 செ.மீ. நான்கு வயதில் எழுத்து பெரிதாகத்தான் விழும், ஆகவே இதைவிடச் சிறிதாக வெட்ட வேண்டாம். துண்டுகளைத் தடித்த அட்டையில் கிளிப் போட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் நடந்துகொண்டே எழுதும் நடத்துநரின் கையில் தாள் நழுவும். எழுத, 4 அல்லது 5 செ.மீ. நீளத்துக்கு உடைத்த க்ரேயான். முழு நீளக் க்ரேயானைச் சின்னக் கை முஷ்டிக்குள் இறுக்கிக்கொள்ளும். துண்டை விரல் நுனியால் பிடிப்பதுதான் எளிது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கும் இடத்தில் துண்டு கூடாது, வாய்க்குள் போகும்.

இனி ஓட்டுநர் இருக்கை. எல்லோருக்கும் அதுதான் வேண்டும், சண்டையும் அங்கேதான். அந்தச் சண்டையை நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். பிள்ளைகளின் தோள் உயரத்தில் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டுங்கள். ஓட்ட விரும்புகிறவர் அதில் பெயர் எழுத வேண்டும். மேலிருந்து கீழாக முறை வரும். ஒருவர் கிறுக்கலாக எழுதுவார், ஒருவர் முதல் எழுத்தை மட்டும் போடுவார். எல்லாமே செல்லும். தன் கிறுக்கல் எது என்று அவரவருக்குத் தெரியும். தெரியாமல் போய் "இது யாருடையது?" என்ற கேள்வி எழும்போது, அடையாளம் தெரிகிற மாதிரி எழுத வேண்டிய அவசியம் தானாகவே புரிகிறது. நூறு முறை புள்ளிக்கோட்டின் மேல் எழுத வைத்தாலும் இந்த அவசியம் புரியாது. ஒரே ஒரு நிபந்தனை: பட்டியலை மீறி நீங்களே வாயால் ஒருவரை அழைத்தால், அதோடு பட்டியலுக்கு மதிப்புப் போய்விடும்.

பயணப் பெட்டிக்கும் இதே கதைதான். உள்ளே வைக்கும் ஐந்து பொருள்களைப் படமாகவோ எழுத்தாகவோ குறிக்கச் சொல்லுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். நடுவில் ஒரு பொருளை நீங்கள் ஒளித்துவைத்தால் இன்னும் நல்லது.

ஸ்டாம்ப் பேடில் மட்டும் எச்சரிக்கை தேவை. அது வந்த அன்று எழுத்து நின்று, தாள் முழுக்க முத்திரையாகிவிடும். பெயர் இருக்கும் தாளில்தான் முத்திரை என்று விதி வையுங்கள்.

திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். விளையாட்டுக்குள் வேண்டாம். 'மலை' என்பது 'மல' என்று வரலாம். 'கொடை' எழுதும் பிள்ளை, காதில் கேட்ட வரிசையில் முதலில் 'க'வைப் போட்டுவிட்டுக் கொம்பைப் பின்னால் சேர்க்கலாம். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தொடங்கிவிட்டதற்கான அடையாளம் இது. சிவப்பு மையால் அடித்தால் அடுத்த முறை "நீங்களே எழுதிக் கொடுங்க மிஸ்" என்றுதான் வரும். மாறாக, நீங்களும் பயணியாக ஏறி, எங்கே போக வேண்டும் என்று சொல்லி, "மறந்துடப்போறீங்க, குறிச்சுக்குங்க" என்று கேளுங்கள்.

ஒரு வேளைக்கு நான்கிலிருந்து ஆறு பேர் போதும். நேரம் மட்டும் அரை மணிக்குக் குறையக் கூடாது. யார் யார் என்ன வேடம் என்று முடிவாகவே பத்து நிமிடம் ஓடிவிடும். எல்லாப் பொருளையும் முதல் நாளே கொட்டாதீர்கள். டிக்கெட் பழகிய பிறகு ஓட்டுநர் பட்டியல், பிறகு பயணப் பெட்டிப் பட்டியல், கடைசியாக, போய்ச் சேர்ந்த ஊரிலிருந்து பிள்ளைகள் உங்களுக்கு எழுதும் அஞ்சல் அட்டை. அட்டைக்கு அன்றே ஒரு வரியாவது பதில் எழுதிப் போடுங்கள். மறுநாள் கிடைத்தால், தான் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு நினைவிருக்காது.

இப்படிக்கு,
மழலையர் எழுத்துக் கல்வியில் பணிபுரிவோர்