மூளைப் படத்துக்குக் கீழே விட்டுப்போன பாதி

தமிழ்ச் செய்தித் தளங்களின் நலவாழ்வுப் பகுதி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘ஒரே இரவு கண்விழித்தால் மனச்சோர்வு ஓடிவிடும்’ என்று உங்கள் பக்கத்தில் ஒரு தலைப்பு. கீழே சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு மூளைப் படம். அதை என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் எங்கள் பெரியப்பா. நல்ல எண்ணம்தான். ஆனால் தம்பிக்கு இருப்பது பைபோலார், அதாவது சோர்வும் கட்டுமீறிய எழுச்சியும் மாறிமாறி வரும் மனநோய். தூக்கம் கெட்டால் அவன் எங்கே போய் நிற்பான் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதியது பொய்யில்லை, அதுதான் சங்கடம். 1971இலேயே ஜெர்மனியின் டூபிங்கன் மருத்துவர்கள் ஃப்ளூகும் டோலேயும் இந்த முறையைப் பற்றி எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் வூ, பன்னி இருவரும் 1990இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, விழித்திருந்த நோயாளிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு மறுநாளே சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. மாத்திரை வாரக்கணக்கில் செய்வதை ஒரு இரவு செய்கிறது! சரி, அதே கட்டுரையில் இன்னொரு எண்ணும் உண்டு: மருந்து எடுக்காதவர்களில் 83 சதவீதம் பேருக்கு, ஒரு இரவு தூங்கி எழுந்ததும் சோர்வு திரும்பிவிட்டது. உங்கள் செய்தியில் முதல் எண் மட்டும் இருந்தது.

அப்புறம் அந்தப் படம். மூளையில் எந்த இடம் எவ்வளவு குளுக்கோஸ் எரிக்கிறது என்று காட்டுவது பெட் ஸ்கேன். வூ குழு 1992இல் வெளியிட்ட பெட் ஸ்கேன் ஆய்வில் நோயாளிகள் 15 பேர். நன்றாகத் தேறியவர்கள் 4 பேர். சராசரியாக அந்த நால்வருக்கு மூளையில் சிங்குலேட் என்ற பகுதி முதலில் குளுக்கோஸை அதிகமாக எரித்துக்கொண்டிருந்தது. விழித்த இரவுக்குப் பின் இயல்புக்கு இறங்கியது. அருமையான தடயம்தான். ஆனால் அது ஒரு குழுவின் சராசரி. ஸ்கேன் எடுத்து ‘உனக்கு இது பலிக்கும்’ என்று ஒருவரிடம் சொல்ல அது போதாது. வண்ணங்கூட கணினி எண்களுக்குப் பூசியதுதானே.

கிடைத்த பலனைத் தக்கவைக்க, மிலானில் பெனெடெட்டி குழுவினர் விழிப்போடு லித்தியம் என்ற மருந்தையும் ஒளி சிகிச்சையையும் சேர்த்தார்கள், அதுவும் மருத்துவமனையில் வைத்து. பைபோலார் உள்ளவரை விழிப்பு மேனியா என்ற அந்தக் கட்டுமீறிய எழுச்சிக்குத் தள்ளலாம், வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பைக் கிளப்பலாம் என்பதால்தான் பக்கத்தில் டாக்டர் வேண்டும்.

இவ்வளவையும் நான்கு வரியில் எழுதிவிடலாம். திருத்தத்தைத் தனிச் செய்தியாகப் போடாதீர்கள், அந்தப் பழைய செய்தியின் தலையிலேயே போடுங்கள். பெரியப்பா இன்னும் அந்த இணைப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு அக்கா