கியோட்டோவிலிருந்து அப்பாவுக்கு: குரங்குத் துறவியும் தவளைப் புத்தரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல்.

இந்த ஊர்க் கடைகளில் கைத்துண்டு, தேநீர்க் கோப்பை, விசிறி என எதை எடுத்தாலும் மல்யுத்தம் செய்யும் முயலும் தவளையும் கண்ணில் படுகின்றன என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன் அல்லவா? அவற்றின் மூல ஓவியம் இருந்த கோசன்ஜி என்னும் மலைக்கோயிலுக்குச் சென்ற ஞாயிறன்று பேருந்தில் போய்வந்தோம். 'சோஜூ கிகா' எனப்படும் அந்த நான்கு காகிதச் சுருள்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மூலச் சுருள்கள் டோக்கியோ, கியோட்டோ தேசிய அருங்காட்சியகங்களில் இருப்பதால், கோயிலில் நகலைத்தான் பார்க்க முடிந்தது.

முதல் சுருள் மட்டும் பதினொரு மீட்டருக்கும் மேல் நீளம். வண்ணம் கிடையாது, கருப்பு மை மட்டுமே. கதையைச் சொல்ல ஓர் எழுத்துகூட இல்லை. மல்யுத்தத்தில் தவளை முயலின் காதைக் கடித்து இழுக்கிறது. அடுத்த காட்சியில் முயல் மல்லாந்து கிடக்க, சுற்றிலும் தவளைகள் வயிறு குலுங்கச் சிரிக்கின்றன. சுருளின் பிற்பகுதியில் துறவாடை போர்த்த துறவியின் தோரணையில் ஒரு குரங்கு அமர்ந்து மந்திரம் ஓதுகிறது. ஓதும் ஒலி அதன் வாயிலிருந்து மெல்லிய கோடுகளாக வெளிவருகிறது. எதிரே தாமரை இலையின் மேல் ஒரு தவளை புத்தராக வீற்றிருக்கிறது, அதன் பின்னால் ஒளிவட்டமாக ஒரு வாழை இலை! பூசை முடிந்ததும் குரங்குக்குக் காணிக்கைகள் வந்து சேர்கின்றன.

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசுப் பாறையில், எலிகள் சூழக் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையைத் தாங்கள் எனக்குக் காட்டியது உடனே நினைவுக்கு வந்தது. ஆனால் பல்லவச் சிற்பி செதுக்கியது வஞ்சகத் தவம். இந்தக் குரங்கிடம் வஞ்சகம் தெரியவில்லை, காணிக்கையில் கண் வைத்த சாதாரண மனிதனின் அற்ப ஆசைதான் தெரிகிறது. என்னை மிகவும் நெகிழச் செய்தது வேறொன்று. துறவிகளைக் கேலி செய்யும் இந்த ஓவியத்தைத் துறவிகளே பல நூற்றாண்டுகளாகப் பேணியிருக்கிறார்கள். காகிதத் துண்டுகள் இணையும் இடங்களில் கோயிலின் முத்திரையைப் பதித்துப் பாதுகாத்திருக்கிறார்கள். வரைந்தவரும் தோபா சோஜோ என்ற மூத்த துறவியே என்பது மரபான நம்பிக்கை. ஆயினும் பலர் கைபட்டது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து.

இச்சுருள்களை முழுமையாக அச்சிட்ட நூல் ஒன்றை அஞ்சலில் அனுப்புகிறேன். முதல் சுருளின் முற்பகுதியும் பிற்பகுதியும் ஒரே ஓவியரின் தூரிகையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இத்தனை ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்த தாங்கள் முயல்களின் முதுகுக்கோட்டை இரு பகுதிகளிலும் ஒப்பிட்டுப் பார்த்து, தங்களுக்குத் தோன்றுவதை விரிவாக எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்