கருவி கத்தினால் குண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வெடிக்காமல் புதைந்து கிடக்கும் குண்டுகளைப் பற்றிய கட்டுரை படித்தேன். "கருவியை மண்மேல் காட்டினால் போதும், கீழே கிடப்பது குண்டா ஆணியா என்று அதுவே சொல்லிவிடும்" என்று ஒரு வரி. அடேங்கப்பா! 2003இல் ராஜஸ்தான் எல்லையில் அப்படியொன்று இருந்திருந்தால் நாங்கள் ஏன் வெயிலில் குப்புறப் படுத்து மண்ணைக் கிளறப் போகிறோம்? நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவன். 2001-02இல் பாகிஸ்தான் எல்லையில் படைகளைக் குவித்த பராக்கிரம் நடவடிக்கையில் புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுத்தவர்களில் ஒருவன். உலோகத்தைக் காட்டும் டிடெக்டர் முள்கம்பித் துண்டுக்கும் கத்தும், பூட்ஸ் ஆணிக்கும் கத்தும். உலோகம் இருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது வந்திருப்பவை கெட்டிக்காரக் கருவிகள்தான், மறுக்கவில்லை. காயிலில், அதாவது கம்பிச் சுருளில், மின்சாரம் விட்டுச் சட்டென்று நிறுத்துகிறார்கள். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து தேய்ந்து அடங்கும். கனத்த சுவருள்ள ஷெல்லில், அதாவது பீரங்கிக் குண்டில், மெதுவாக அடங்கும், மெல்லிய உடைந்த துண்டில் சீக்கிரம். பல காயில்களால் பல பக்கத்திலிருந்து அளந்து, நீளவாக்கில் ஒரு மாதிரியும் குறுக்கே இரு பக்கமும் ஒரே மாதிரியும் வந்தால் உருளை வடிவம் என்று கணிப்பார்கள். பிறகு கம்ப்யூட்டரில் தெரிந்த ஷெல்களின் பதிவோடு ஒப்பிட்டு, தோண்ட வேண்டியது எது, விடலாம் என்பது எது என்று பட்டியல் போடுவார்கள். அமெரிக்காவில் அலபாமாவில் பழைய ராணுவப் பயிற்சித் தளமான கேம்ப் சைபர்ட்டில் 2007இல் இதைச் சோதித்தார்கள். அங்கேயும் சந்தேகம் வந்தால் தோண்டத்தான் வேண்டும். உள்ளே வெடிமருந்து இருக்கிறதா என்பது காயிலுக்குத் தெரியாது. பயிற்சிக்குச் சுட்ட வெற்று ஷெல்லும் நிஜ ஷெல்லும் அதற்கு ஒன்றுதான். எங்கள் பக்கத்துக் கொடுமணலில் பழங்கால இரும்புக் கசடு கிடக்கிறது. உங்கள் நிருபரின் கருவியை அங்கே கொண்டுபோனால் ஊரே குண்டாகத் தெரியும்.

இது முதல் தடவை அல்ல. முன்பு மோர்ட்டார் ஷெல் படத்துக்குக் கீழே 'ராக்கெட்' என்று போட்டீர்கள். கடிதம் எழுதினேன். இடப் பற்றாக்குறை என்றார்கள். அந்த வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்கு அரைப்பக்கம் இருந்தது. இப்போதோ கட்டுரைக்குக் கீழேயே 'தங்கம், புதையல், நிலத்தடி நீர் காட்டும் வெளிநாட்டு மெஷின்' விளம்பரம். அதே மாதிரி ஒரு மெஷின்காரரை நம்பித்தான் காங்கேயத்துப் பக்கம் என் தோட்டத்தில் ஆயிரம் அடிக்கு மேல் போர்வெல் போட்டேன். புழுதி வந்தது. அவர் இப்போது போன் எடுப்பதில்லை.

எனக்குக் கோபம் அதனால் மட்டும் இல்லைங்க. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளுக்குப் பழைய இரும்பு லாரி லாரியாக வருகிறது. 2004இல் காஜியாபாத் உருக்காலை ஒன்றில் பழைய இரும்போடு வந்த ஷெல் வெடித்துத் தொழிலாளர்கள் செத்தது உங்களுக்குத் தெரியாததா? இரும்புக் குவியலில் டிடெக்டரைக் காட்டினால் என்ன சொல்லும்? எல்லாமே இரும்புதானே. அங்கே காப்பாற்றுவது பார்க்கத் தெரிந்த கண்தான். உங்கள் வரியை நம்பி ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் மெஷின் வாங்கிவிட்டுத் தைரியமாகச் சுத்தியலை எடுத்தால்?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள்: ஷெல் மாதிரி எதைக் கண்டாலும் தொடாதே, தட்டாதே, தள்ளி நின்று 112க்குச் சொல். எழுத்து பெரிதாக வேண்டும் என்று கேட்கவில்லை, கண்ணாடி போட்டால் தெரிகிற அளவு போதும். அந்த மெஷின் விளம்பரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார், காங்கேயம்.