மலைப் பள்ளிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், கணிதம் கற்பிப்பதோடு விடுதியில் பிள்ளைகளுடன் தங்கும் டார்ம் பேரண்ட் பொறுப்பையும் ஏற்கச் சொல்வதாகவும், முன்னதில் உனக்கு ஆசையும் பின்னதில் தயக்கமும் இருப்பதாகவும் எழுதியிருந்தாய். பெங்களூருவில் மாலை நான்கு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிப் பழகியவளுக்கு அந்தத் தயக்கம் இயல்புதான். ஆனால் பணிக்காலம் முழுவதையும் அரசு மாணவர் விடுதிகளில் காப்பாளராகக் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இத்தகைய பள்ளிகளின் கல்விக் கொள்கையில் பெரும்பங்கு, கடைசி மணி அடித்த பிறகுதான் நடைமுறைக்கு வருகிறது. ஆகையால் வேண்டாம் என்று முடிவெடுப்பதானால் வேலை முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. விடுதியை விட்டுவிட்டு வகுப்பை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளாதே.

அந்தப் பள்ளி மலைமேல் வந்த கதையை நீ அறிந்திருக்க வேண்டும். 1834-இல் மதுரைக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிகள் இங்கத்தியக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்தார்கள். 1845-இல் பழனிமலையின் மேல், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில், இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டு அவர்கள் குடும்பத்தோடு மேலே போனதிலிருந்துதான் கொடைக்கானல் என்னும் மலைவாழிடம் தொடங்குகிறது. அதற்கான பழைய பாதை நம் பெரியகுளத்துப் பக்கத்திலிருந்துதான் ஏறியது. அடிவாரத்துத் தோப்பில் தங்கி இளைப்பாறிவிட்டு, நடக்க முடிந்தவர்கள் நடந்தும் மற்றவர்கள் குதிரையிலும் டோலியிலுமாகப் போனார்கள். டோலியைத் தோளில் சுமந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். இப்போது பேருந்து போகும் மலைச்சாலை பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 1916-இல்தான். பள்ளி அதற்கும் முந்தியது.

1901-இல், ஏரிக்கரையை ஒட்டி ஹைகிளர்க் என்ற பெயரில் நடந்துவந்த ஓர் ஓட்டல் கட்டடத்தில், சொற்பப் பிள்ளைகளோடு அது தொடங்கியது. பெயரும் ஹைகிளர்க் பள்ளி என்றே ஆயிற்று. முதல் தலைமையாசிரியை மார்கரெட் எடி, ஷெர்வுட் எடி என்ற மிஷனரியின் தாயார். அதுவரை மிஷனரிகள் தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி பார்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. அந்தப் பிரிவைக் குறைக்கத்தான் பள்ளி பிறந்தது. நீண்ட விடுமுறையைக் கோடையில் விடாமல் சமவெளி குளிர்ந்திருக்கும் மாதங்களில் விட்டார்கள். கோடையில் பெற்றோர் மலையேறி வந்து பிள்ளைகளோடு தங்கினார்கள். இவையெல்லாம் கல்விக் கொள்கை என்று எந்த ஏட்டிலும் எழுதப்பட்டவையாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யோசித்து ஒரு நாள்காட்டியையே திருப்பிப் போட்டவர்களை நான் மதிக்கிறேன்.

அதே பள்ளிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ் மண்ணில் வளரும் அமெரிக்கப் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளாகவே வளர்ந்து, நேரே அந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய வேண்டும் என்பதும் அதன் நோக்கமாக இருந்தது. சமையலறையிலும் சலவைத் துறையிலும் தோட்டத்திலும் ஆயா வேலையிலும் தமிழர்கள் இருந்தார்கள். பெஞ்சில் உட்காரத்தான் நெடுங்காலம் ஆயிற்று. மிஷனரிகளின் எண்ணிக்கை குறைந்தபோது பள்ளிக்கு மாறியாக வேண்டிய கட்டாயம் வந்தது. 1970-களில் அது பன்னாட்டுப் பள்ளி என்று பெயர் மாற்றிக்கொண்டு, இந்தியப் பிள்ளைகளையும் பல தேசத்துப் பிள்ளைகளையும் சேர்த்தது. 1976-இல் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்னும் ஐபி டிப்ளமோ பாடத்திட்டத்தை இந்தியாவில் முதன்முதலாக நடத்தத் தொடங்கியது. பிரித்து வைப்பதற்காகக் கட்டிய ஓர் இடத்தைச் சேர்த்து வைக்கும் இடமாக மாற்றுவது, பெயர்ப்பலகையையும் பாடத்திட்டத்தையும் மாற்றியதோடு முடிந்துவிடும் வேலை அன்று. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த வேலைக்குத்தான் உன்னை அழைக்கிறார்கள்.

ஐபி பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் என் கருத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1968-இல் ஜெனீவாவில், தூதரக அதிகாரிகளும் ஐ.நா. அலுவலர்களும் நாடு விட்டு நாடு மாறும்போது அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பு அறுபடாதிருக்க உருவான திட்டம் அது. ஆறு பாடங்களுக்குத் தலா ஏழு புள்ளி, மேலே மூன்று, ஆக நாற்பத்தைந்து என்ற கணக்கைப் பார்த்தால் நம் மதிப்பெண் பட்டியலுக்குத் தூரத்து உறவு போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மாணவன் தானே கேள்வியைத் தேர்ந்து நாலாயிரம் சொற்களுக்குள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டும் என்பதும், ‘இது உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பதையே ஒரு பாடமாக வைத்திருப்பதும் எனக்குப் பிடித்திருக்கின்றன. கோனார் உரை வாங்கிப் படித்துத் தேறிய என் தலைமுறைக்கு அது எட்டாமற் போனது. சேவையையும் அதில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். முன்பு அதற்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கு வைத்திருந்து, பிறகு அந்தக் கணக்கை நீக்கிவிட்டார்கள், நல்ல காரியம். ஊரார்க்கு உதவுவதை மணிக்கணக்கில் பதிவேட்டில் ஏற்றினால் பிள்ளை கடிகாரத்தைத்தான் பார்க்கும்.

இத்தகைய பள்ளிகளை ஏன் மலையில் வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கொடைக்கானலில் காரணம் காய்ச்சல். 1854 முதல் முசூரியில் நடக்கும் உட்ஸ்டாக் பள்ளியும் ஏறக்குறைய இந்த வகைதான். ஆனால் ஐரோப்பாவில் மலையையே ஆசிரியராக வைத்துக்கொண்ட ஒரு மரபு இருக்கிறது. ஜெர்மனியில் 1920-இல் சாலம் பள்ளியைத் தொடங்கிய குர்ட் ஹான், ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் கைதாகி, விடுதலையானதும் பிரிட்டனுக்குப் போய், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டவுன் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆசிரியராக இருந்த ஜான் கார்லெட் 1949-இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் ஏக்லான் பள்ளியை நிறுவினார். இன்றைய இளைஞர்களிடம் உடல் வலிமையும், தானே முனையும் துணிவும், கைத்திறனும், கருணையும் குறைந்துவருகின்றன, புத்தகத்தால் அவற்றை மீட்க முடியாது என்பது ஹானின் வாதம். மலையேற்றமும் கடற்பயணமும் மீட்புப் பணியும் அவருக்குப் பாடங்களாயின. குளிர்ந்த நீரில் குளித்து அதிகாலையில் ஓடினால் குணம் வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. அப்படியானால் நம் ஊர்க் காவலர் பயிற்சிப் பள்ளிகள் ஞானிகளை அல்லவா உருவாக்கியிருக்க வேண்டும்! ஆனால் மலையில் நடக்கும்போது, வேகமாகப் போகிறவன் பின்தங்கியவனுக்காக நின்றே ஆக வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் அவன் நிற்பதில்லை. அதில் பொருள் இருக்கிறது.

கொடைக்கானல் பள்ளியிலும் பிள்ளைகளை மலைக்குள் நடக்கவும் கூடாரமடித்துத் தங்கவும் அழைத்துப்போகும் பழக்கம் பழமையானது. நீ அவர்களோடு போகும்போது, எதிரே தெரியும் பச்சை முழுவதையும் காடு என்று சொல்லிவிடாதே. பள்ளத்தாக்கின் மடிப்பில் ஒடுங்கியிருக்கும் சோலையும் அதைச் சூழ்ந்த புல்வெளியும்தான் அந்த மலைக்கு உரியவை. வெள்ளைக்காரர் காலந்தொட்டுக் கொண்டுவந்து நட்ட சீகை மரமும் யூக்கலிப்டசும் புல்வெளியைத் தின்றுவிட்டன. ஊற்றுகள் வற்றுவதற்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ பூண்டு பயிரிடும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். நீ பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தால் போதும். கொரியாவிலிருந்தோ பூட்டானிலிருந்தோ வந்த பிள்ளைக்கு அந்த ஒரு மாலை, பன்னாட்டு விழாவில் பல தேசக் கொடிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பதைவிடப் பயன் தரும்.

இனி விடுதி. என்னிடம் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் கூலி வேலைக்குப் போனவர்கள்; உன்னிடம் வரப்போகும் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்துகிறவர்கள். வீட்டு நினைவு இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். முதல் வாரம் இரவில் அழுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் பார்த்தவரை இரவில் களைப்பில் தூங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நீ விடுதியில் இரு. ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை. ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர்கள் பார்வையில் படும்படி உட்கார்ந்திரு. படுக்கையை நனைத்துவிடும் பிள்ளை எப்படியும் ஒன்று இருக்கும், பன்னிரண்டு வயதிலும் இருக்கும். மற்றவர்கள் எழுவதற்கு முன் விரிப்பை மாற்றி, ஈர விரிப்பைத் தனியாக எடுத்துப்போய்விடு. எவரிடமும், அந்தப் பிள்ளையிடமும்கூட, அதைப் பற்றிப் பேசாதே. சில வாரங்களில் தானே நின்றுபோகும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டலாம். சாப்பாட்டு வரிசையில் எவன் தட்டை அப்படியே கொண்டுபோய்க் கொட்டுகிறான் என்று பார். மதிப்பெண் குறைவதற்கு ஒரு மாதம் முன்பே அது தெரிந்துவிடும்.

விரும்பத்தகாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பால் கெஹீபும் எடித் கெஹீபும் 1910-இல் ஜெர்மனியின் ஓடன்வால்டு மலைப்பகுதியில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே குடும்பமாக ஒரே வீட்டில் வாழ்வதுதான் அதன் கொள்கை. உலகம் முழுவதிலுமிருந்து வந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். 1930-இல் ரவீந்திரநாத் தாகூரும் போயிருந்தார். நாஜிகள் வந்ததும் கெஹீப் தம்பதியர் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற பள்ளியில், பல பத்தாண்டுகள் கழித்து, அந்தக் குடும்ப ஏற்பாட்டையே மறைவாகக் கொண்டு பெரியவர்கள் சிலர் பிள்ளைகளிடம் தவறாக நடந்தது 2010-இல் முழுமையாக அம்பலமாயிற்று. 2015-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். நெருக்கம் நல்லது என்று எழுதிவைக்கும் எந்தக் கொள்கையும் அந்த நெருக்கத்துக்குக் காவலும் போட வேண்டும். பிள்ளையோடு தனியே பேசும்போது கதவு திறந்திருக்கட்டும்; இரவில் அறைக்குள் போவதானால் இன்னொருவரையும் உடன் அழைத்துக்கொள். சந்தேகம் வந்தால் பள்ளியின் பெயரைப் பார்க்காதே. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம்.

சேர்த்து வைக்கும் வேலை என்று மேலே சொன்னேனே, அது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். தட்டில் சோறு போடும் அம்மாவின் பெயர் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று முதல் வாரத்திலேயே விசாரித்துப் பார். விடுதியைக் கூட்டுகிறவரை நீ ‘அக்கா’ என்று அழைத்தால் பிள்ளைகளும் அழைப்பார்கள். நீ விரலைச் சொடுக்கினால் அவர்களும் சொடுக்குவார்கள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் கேட்கவும், கடையில் விலை விசாரிக்கவும், வழி கேட்டால் நன்றி சொல்லவும் போதிய தமிழை உன் விடுதிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடு. ஆறேழு ஆண்டு அந்த ஊரில் வாழ்ந்துவிட்டு, அந்த ஊர்க்காரர் எவரோடும் பத்து நிமிடம் பேசாமல் ஒரு பிள்ளை விமானம் ஏறுமானால், அதன் சான்றிதழில் உள்ள பன்னாட்டு முத்திரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சம்மதம் சொல்லுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள். ஒரு டார்ம் பேரண்டின் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மறுநாள் முதல் வகுப்பை உனக்குப் பதிலாக யார் எடுப்பார்? வாரத்தில் ஒரு முழு நாள் உனக்கு ஓய்வு உண்டா, அந்த நாளில் உன்னை எழுப்பமாட்டார்களா? நீண்ட காலமாக வேலை பார்க்கும் ஆயாக்களையும் சமையலறையில் உள்ளவர்களையும் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதே. அவர்கள் சொல்லும் பதில்களை எனக்கு எழுது. அம்மாவும் நானும் படித்துவிட்டுச் சொல்கிறோம்.

அன்புடன்,
அப்பா
பெரியகுளம்