உச்சரிப்புக்கு ஆசிரியரும் வேண்டும், ஆய்வகமும் வேண்டும்

கல்லூரி ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். முதலாமாண்டு உச்சரிப்புப் பயிற்சியை மொழி ஆய்வகத்துக்கும் (ஹெட்போனில் கேட்டு, சொல்லிப் பதிவு செய்து பழகும் அறை) செயலிக்கும் மாற்றிவிட்டு வகுப்பு நேரத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு வரைவு எங்கள் துறைக்கு வந்திருக்கிறது. அதற்குக் கலப்பு முறை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது எப்படிக் கலப்பாகும்?

ஆய்வகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 60 பேர் உட்காரும் வகுப்பு, 50 நிமிடம். நான் வாயே திறக்காவிட்டாலும் ஒரு மாணவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் மற்றவர்கள் முன்னால் வாய் திறக்கவே கூசுவார்கள். அதே பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் ஒரே சொல்லை இருபது முறை சொல்லிப் பார்க்கிறார்கள். 'ரெக்கார்ட்' பெயர்ச்சொல்லாக வந்தால் முதல் அசையிலும் வினையாக வந்தால் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழ வேண்டும். தமிழில் அழுத்தத்தால் சொல்லின் பொருள் மாறுவதில்லை என்பதால் இது நம் காதில் சட்டென்று ஏறாது. திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பழக வேண்டும். அதற்கு ஆய்வகம்தான் சரி.

ஆனால் குண்டூசியும் 'பின்', குப்பைத் தொட்டியும் 'பின்' என்று எழுதும் மொழியிலிருந்து வருகிறோம். என் மாணவி ஒருவர் குண்டூசியைத்தான் சொன்னார், தெளிவாகவே சொன்னார். செயலி ஒவ்வொரு முறையும் தவறு என்றது. ஏன் தவறு, என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த 'p' ஒலியோடு மூச்சும் சேர்ந்து வெடித்து வர வேண்டும். மூச்சு வராவிட்டால் ஆங்கிலேயர் காதில் அது குப்பைத் தொட்டியாக விழக்கூடும். ஒரு துண்டுக் காகிதத்தை அந்த மாணவியின் உதட்டுக்கு முன்னால் பிடித்து, அது ஆடும்வரை சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறை காகிதம் ஆடியது.

'வெஸ்ட்' என்றால் பனியனா, மேற்குத் திசையா? பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்வது பனியனுக்குப் பொருந்தும். மேற்குக்குப் பல் படாமல் உதட்டைக் குவிக்க வேண்டும். இதை எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்துக் கற்பதுதான் எளிது.

இன்னொன்று, குரலை எழுத்தாக்கும் செயலியை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் அது அக்கம்பக்கச் சொற்களை வைத்து ஊகித்துச் சரியான சொல்லையே எழுதிவிடும். உச்சரிப்பு சரியாகிவிட்டதென்று பிள்ளை நம்பிவிடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு மணி நேரம் வகுப்பு, அதுவும் 30 பேராகப் பிரித்து. இரண்டு மணி நேரம் ஆய்வகம். பதிவுகளை ஆசிரியர் கேட்டுப் பார்க்கும் நேரத்தையும் பணிநேரத்தில் சேருங்கள், அடுத்த வகுப்பு அந்தப் பதிவுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்புறம், வீட்டில் ஒரே போனை அண்ணன் தம்பியோடு பகிர்ந்துகொள்ளும் மாணவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஆய்வகத்தை மாலை ஆறு மணிவரை திறந்து வையுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியர்